பெல்ஜியம், அக்டோபர் 1894: ஒருவருக்கு மூன்று வாக்கு கொடுத்த தேர்தலில் யாரை எது தோற்கடித்தது?

#1 நூலகத்திண்ணை

எல்லோருக்கும் வணக்கம். வாக்குரிமை விரிந்த கதை என்றாலே நாம் பிரிட்டனைத்தான் திரும்பத் திரும்பப் பேசுகிறோம். கொஞ்ச நாளாக நான் பெல்ஜியத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1894 அக்டோபர் 14 அன்று அங்கே நடந்த தேர்தல் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. அதனால் இந்த இழை.

பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். 1831இல் எழுதிய அரசியலமைப்பு அந்தக் காலத்தில் ஐரோப்பாவே மெச்சிய ஒன்று. மன்னர் உண்டு, ஆனால் அமைச்சர் கையெழுத்து இல்லாமல் அவர் ஆணை செல்லாது. பத்திரிகைச் சுதந்திரம், கூட்டம் கூடும் உரிமை எல்லாம் எழுத்தில் இருந்தன. வாக்கு மட்டும் வரி கட்டுபவனுக்கு. 1848இல் அந்த வரம்பைக் குறைத்து, ஆண்டுக்கு 42.32 பிராங்க் நேரடி வரி கட்டினால் போதும் என்றார்கள். அப்படிக் குறைத்த பிறகும், 1890களின் தொடக்கத்தில் 60 லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த நாட்டில் வாக்காளர்கள் வெறும் 1,36,000 பேர் அளவில்தான். நூற்றுக்கு இரண்டு பேர் சொச்சம். நிலக்கரி தோண்டியவனும் இரும்பு உருக்கியவனும் தறி ஓட்டியவனும் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

1893இல் அரசியலமைப்பைத் திருத்தி, 25 வயது நிறைந்த ஆண்கள் எல்லோருக்கும் வாக்கு கொடுத்தார்கள். கொடுத்த கையோடு இன்னொன்றும் செய்தார்கள். 35 வயது கடந்து, மணமானவராகவோ மனைவியை இழந்து பிள்ளைகள் உள்ளவராகவோ இருந்து, வீட்டுக்கு 5 பிராங்க் வரி கட்டினால் கூடுதலாக ஒரு வாக்கு. 2,000 பிராங்க் மதிப்புள்ள நிலமோ வீடோ, குறிப்பிட்ட அளவு சேமிப்போ இருந்தால் ஒரு வாக்கு. உயர்கல்விப் பட்டம் இருந்தால் இரண்டு வாக்கு. எப்படிக் கூட்டினாலும் ஒருவருக்கு மூன்றுக்கு மேல் கிடையாது.

முடிவு: 152 இடங்களில் கத்தோலிக்கக் கட்சிக்கு 104. முதன்முறை நுழைந்த சோசலிஸ்டுகளுக்கு 28. லிபரல்களுக்கு 20.

என் கருத்தை நேராகவே வைக்கிறேன். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறித்த வேலை இது. தொழிலாளிக்கு ஒன்று, பட்டதாரிக்கு மூன்று என்று கொடுத்துவிட்டு அதற்குப் பொது வாக்குரிமை என்று பெயர் வைத்தது மோசடி. அந்த 104 இடங்களும் அந்த மோசடியின் விளைச்சல். மாற்றுக்கருத்து இருந்தால் சொல்லுங்கள், கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

#2 புதுவரவு

அண்ணா, ஒரு சின்ன சந்தேகம். மூன்று வாக்கு உள்ளவர் சாவடியில் எப்படிப் போடுவார்? ஒரே சீட்டுக்கு மூன்று மதிப்பா, இல்லை மூன்று தடவை வரிசையில் நிற்பாரா?

#3 நூலகத்திண்ணை

அவர் கையில் மூன்று சீட்டு கொடுப்பார்கள் தம்பி. ஒரே சாவடி, ஒரே வரிசை. முன்னால் நிற்பவருக்கு ஒரு சீட்டு, பின்னால் நிற்பவருக்கு மூன்று. 1877 முதலே ரகசிய வாக்கு இருந்ததால் மறைப்புக்குள் போய்க் குறியிட வேண்டும். யாருக்குப் போட்டார் என்பது தெரியாது. எத்தனை போட்டார் என்பதை மட்டும் வரிசையில் நிற்கும் எல்லோரும் பார்த்திருப்பார்கள். சுரங்கத்திலிருந்து வந்து அந்த வரிசையில் நின்ற ஒருவரை நினைத்துப் பார்க்கிறேன். அவருடைய மேலாளரின் கையில் மூன்று சீட்டு.

#4 செம்மண்சாலை

நூலகத்திண்ணை தோழர், இழைக்கு நன்றி. ஆனால் "கொடுத்தார்கள், கொடுத்தார்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்தான் எனக்கு உறுத்துகிறது. யாரும் கொடுக்கவில்லை. வாங்கினார்கள்.

சோசலிஸ்டுகளின் கட்சியான பெல்ஜியத் தொழிலாளர் கட்சி பிறந்தது 1885 ஏப்ரலில், பிரஸ்ஸல்ஸ் பெரிய சதுக்கத்தில் "அன்னம்" என்ற பெயருள்ள ஒரு காப்பிக்கடையில். அடுத்த ஆண்டே, 1886 வசந்தத்தில், லியேஜிலும் ஷார்லுருவா பக்கமும் பெரிய கலவரம், ராணுவம் சுட்டது. அதற்குப் பிறகு கட்சி ஒரே கோரிக்கையைப் பிடித்துக்கொண்டது: எல்லோருக்கும் வாக்கு.

1893 ஏப்ரல் 12 அன்று கீழவை அந்தக் கோரிக்கையை நிராகரித்தது. அன்றே பொது வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். இரண்டு லட்சம் பேர் அளவில் வேலையை விட்டு இறங்கினார்கள். நாட்டின் மொத்த வாக்காளர் தொகையைவிட அது அதிகம் என்பதைக் கவனியுங்கள்! 17ஆம் தேதி மோன்ஸ் நகரில் குடிமைக் காவல் படை ஊர்வலத்தை நோக்கிச் சுட்டது, உயிர்கள் போயின. மறுநாள் 18ஆம் தேதி அதே கீழவை, ஒருவருக்கு மூன்று வரை தரும் இந்தப் பன்மை வாக்குத் திட்டத்தை 119க்கு 14 என்று நிறைவேற்றியது. ஆறு நாள்தான் இடைவெளி.

திட்டத்தைக் கொண்டுவந்தவர் ஆல்பெர்ட் நீசென்ஸ், லூவென் பல்கலைக்கழகப் பேராசிரியர், கத்தோலிக்கக் கட்சிக்காரர். திருத்தம் நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். பயந்துபோன பெரும்பான்மையும் களைத்துப்போன எதிர்க்கட்சியும் பாதி வழியில் சந்தித்த இடம் அது. தொழிலாளர் கட்சி அதை ஏற்று வேலைநிறுத்தத்தை முடித்தது. உள்ளுக்குள் பலருக்கு அது கசந்தது. ஆனாலும் ஒரு வாக்குகூட இல்லாதவனுக்கு ஒரு வாக்கு வந்தது. அதை மோசடி என்ற ஒரே சொல்லில் மூடிவிட்டால் மோன்ஸில் செத்தவர்களுக்கு நாம் என்ன பதில் சொல்வது?

#5 கணக்குப்பிள்ளை

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு பேரும் ஒரு விஷயத்தைத் தொடாமல் போகிறீர்கள். எண்ணை வைத்துப் பேசலாம்.

1894இல் வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் 13.7 லட்சம். பழைய தொகையைப் போல் பத்து மடங்கு. இதில் ஒரு வாக்கு உள்ளவர்கள் சுமார் 8.5 லட்சம், இரண்டு வாக்கு 2.9 லட்சம், மூன்று வாக்கு 2.2 லட்சம். மொத்த வாக்குகள் 21 லட்சத்துக்கு மேல். அதாவது நூற்றுக்கு 62 பேராக இருந்த ஒற்றை வாக்காளர்களின் கையில் நூற்றுக்கு 40 வாக்குதான். நூற்றுக்கு 16 பேராக இருந்த மூன்று வாக்குக்காரர்களின் கையில் கிட்டத்தட்ட 32. அநியாயம்தான், மறுக்கவில்லை.

ஆனால் 104க்கு இது மட்டும் காரணமா? கத்தோலிக்கக் கட்சிக்குக் கிடைத்தது மொத்த வாக்கில் பாதியை ஒட்டி. இடங்களோ மூன்றில் இரண்டுக்கும் மேல். லிபரல்களுக்குக் கால் பங்குக்கு மேல் வாக்கு கிடைத்தும் இடம் 20. அவர்களைவிடக் குறைவாக வாக்கு வாங்கிய சோசலிஸ்டுகளுக்கு 28. வாக்குக்கும் இடத்துக்கும் நடுவில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது அல்லவா? அந்த ஓட்டை பன்மை வாக்கு இல்லை. ஒரு சீட்டானாலும் மூன்று சீட்டானாலும், பெட்டிக்குள் விழுந்த பிறகு நடப்பது அது.

அங்கே தொகுதி என்பது ஓர் ஆளுக்கு ஓர் இடம் இல்லை. பெரிய தொகுதிகளில் பல இடங்கள். பிரஸ்ஸல்ஸுக்கு மட்டும் 18. ஒவ்வொரு கட்சியும் முழுப் பட்டியல் நிறுத்தும். பாதிக்கு மேல் வாங்கிய பட்டியல் அத்தனை இடத்தையும் அள்ளிக்கொண்டு போகும். யாருக்கும் பாதி வராவிட்டால் ஒரு வாரம் கழித்து முன்னணியில் நிற்பவர்களுக்குள் இரண்டாம் சுற்று. ஒரு தொகுதியில் நூற்றுக்கு 45 பேர் உங்கள் பக்கம் இருந்தாலும் உங்களுக்குச் சுழியம் வரலாம். பிரஸ்ஸல்ஸின் 18 இடங்களும் கத்தோலிக்கர்களுக்கே போயின. வடக்கே ஃபிளாண்டர்ஸ் பகுதியில் லிபரலுக்கும் இடமில்லை, சோசலிஸ்டுக்கும் இடமில்லை. அங்கே லிபரல் வாக்காளர்கள் இல்லாமலா போனார்கள்? கென்ட் நகரம் முழுக்க ஆலைத் தொழிலாளர்கள். அவர்கள் வாக்குச் சீட்டு காற்றில் போனது.

தெற்கே வலோனியாவில் இதே விதி சோசலிஸ்டுகளுக்குக் கை கொடுத்தது. மோன்ஸ், ஷார்லுருவா, லியேஜ் என்று நிலக்கரியும் இரும்பும் இருந்த இடங்களில் அவர்கள் ஆதரவு குவிந்திருந்தது. பட்டியல் மொத்தமாக வென்றது. எங்கும் பரவலாக, எங்கும் இரண்டாவதாக நின்ற லிபரல்கள்தான் நசுங்கிப் போனார்கள். 1892இல் 60 இடம் இருந்தது அவர்களுக்கு. இரண்டே ஆண்டில் 20.

என்னைக் கேட்டால் 1894இன் உண்மையான கொடுமை பட்டியல் பெரும்பான்மை முறை. மூன்று சீட்டு கண்ணுக்குத் தெரிந்ததால் எல்லோரும் அதையே பேசினார்கள்.

#6 மல்லிகைமேடு

இந்த இழையில் ஆறாவது பதிவு இது. "எல்லோருக்கும்" என்ற சொல் இதுவரை எத்தனை முறை வந்தது என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணி முடித்தபோது கோபம்தான் வந்தது.

நாட்டில் பாதிப்பேர் பெண்கள். அவர்களுக்கு மூன்றும் இல்லை, ஒன்றும் இல்லை. அதைவிட என்னை உலுக்கிய விஷயம் வேறு. கூடுதல் வாக்குக்குச் சொத்துக் கணக்குப் பார்க்கும்போது மனைவியின் சொத்தைக் கணவன் பெயரில் சேர்த்துக்கொள்ளலாம், சிறு பிள்ளைகளின் சொத்தை அப்பா பெயரில் சேர்த்துக்கொள்ளலாம். அப்பாவிடமிருந்து ஒரு பெண்ணுக்கு வந்த துண்டு நிலம் அவள் புருஷனுக்கு இரண்டாவது சீட்டாக மாறியது. அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிலக்கரிச் சுரங்கங்களில் பெண்களும் வேலை பார்த்த நாடு அது. 1889 சட்டம் 21 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்கக் கூடாது என்றது. அதுவரை இறங்கிக்கொண்டிருந்தார்கள் என்றுதானே பொருள்? அந்த வேலைநிறுத்தத்தில் அந்த வீட்டுப் பெண்களும் பட்டினி கிடந்தார்கள். நாடாளுமன்றத் தேர்தலில் ஆண்களோடு சமமாக வாக்களிக்கும் உரிமை பெல்ஜியப் பெண்களுக்கு வந்தது 1948 சட்டத்தில். கணக்குப்பிள்ளை ஐயா, உங்கள் 62க்கு 40 கணக்கில் இவர்களையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

#7 கணக்குப்பிள்ளை

சேர்க்க வேண்டியதுதான் அம்மா. வயது வந்தவர்களில் பாதிப்பேரை விட்டுவிட்டு நூற்றுக்கு இத்தனை என்று போட்டது என் தவறு. மனைவியின் சொத்து பற்றிய விதி என் கண்ணில் படவே இல்லை. நன்றி.

#8 நூலகத்திண்ணை

இரண்டு நாளாக யோசித்தேன். செம்மண்சாலை தோழர் சொன்னதை ஏற்கிறேன். "கொடுத்தார்கள்" என்று எழுதியது தவறு. மல்லிகைமேடு சொன்னது நான் முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டியது.

கணக்குப்பிள்ளை ஐயாவிடம் மட்டும் பாதிதான் ஒத்துப்போக முடிகிறது. 1894க்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். 1900 முதல், வாங்கிய வாக்குக்கு ஏற்ற பங்கில் இடம் தரும் விகிதாசார முறை வந்துவிட்டது. நீங்கள் சொன்ன ஓட்டை அடைபட்டது. பன்மை வாக்கு மட்டும் அப்படியே நின்றது. என்ன ஆயிற்று? கத்தோலிக்கக் கட்சியின் இடம் குறைந்தது, ஆனால் பெரும்பான்மை போகவில்லை. 1912இல்கூட 186க்கு 101 வாங்கினார்கள். 1884 தொடங்கி முதல் உலகப் போர் வரை முப்பது ஆண்டு ஒரே கட்சி ஆண்டது. 1919இல் ஒருவருக்கு ஒரு வாக்கு என்று தேர்தல் வைத்ததும் அந்தப் பெரும்பான்மை ஒரே நாளில் உடைந்தது. சோசலிஸ்டுகள் 70 இடத்தோடு அவர்களுக்கு மூச்சு முட்டும் தூரத்தில் வந்து நின்றார்கள். விகிதாசாரம் மாறவில்லை, மாறியது வாக்கின் எடை. அப்படியானால் அந்த மூன்று சீட்டு சும்மா கண்ணுக்குத் தெரிந்த விஷயம் மட்டும்தானா?

#9 கணக்குப்பிள்ளை

நல்ல கேள்வி, என்னை மடக்கிவிட்டீர்கள். 1919க்கு முன்னால் நான்காண்டுப் போரும் ஆக்கிரமிப்பும் இருந்தன, அதையும் மறக்கக் கூடாது. ஆனாலும் நீங்கள் சொல்லும் திசை சரி.

ஒரு திருத்தத்தோடு ஏற்றுக்கொள்கிறேன். மூன்று சீட்டு என்றதும் நம் கண்முன் வருவது பட்டதாரியும் முதலாளியும். எண்ணிக்கையில் கனமாக இருந்தது அவர்கள் இல்லை. சொந்தமாகச் சிறு நிலமும் வீடும் வைத்து, பிள்ளைகுட்டியோடு இருந்த கிராமத்து விவசாயி. அவருக்கு இரண்டாவது சீட்டு எளிதாக வந்தது, சில சமயம் மூன்றாவதும். நகரத்தில் வாடகை வீட்டில் இருந்த தொழிலாளிக்கு அந்த 5 பிராங்க் வரி வாசலே திறக்கவில்லை. ஆக, பன்மை வாக்கு கிராமத்தின் எடையைக் கூட்டியது. கிராமம் கத்தோலிக்கக் கட்சியின் பக்கம் இருந்தது. 1894இல் அந்த எடையோடு பட்டியல் முறையும் சேர்ந்தது. அதனால்தான் பாதி வாக்கு மூன்றில் இரண்டு இடமாக வீங்கியது.

#10 புதுவரவு

இதில் மன்னர் எங்கே? முதல் பதிவில் மன்னர் உண்டு என்று இருக்கிறது, அதன் பிறகு அவரைப் பற்றி யாரும் பேசவில்லையே. அப்புறம், ஓட்டுப் போடாவிட்டால் அபராதம் என்று எங்கேயோ படித்தேன், அதுவும் இந்தத் தேர்தலா?

#11 பழையஏடு

தம்பி, நல்ல கேள்வி இரண்டு.

மன்னர் இரண்டாம் லியோபோல்ட். காங்கோவில் அவர் பெயரால் நடந்த கொடுமைகளால் உலகம் அவரை அறியும். அங்கே அவர் தனி உடைமைக்காரர், கேட்க ஆளில்லை. சொந்த நாட்டில் அப்படி இல்லை. அரசியலமைப்பைத் திருத்தும் பேச்சு எழுந்தபோது, ஒரு சட்டத்தைப் பற்றி நேராக மக்களிடம் வாக்கெடுப்புக் கேட்கும் உரிமை தனக்கு வேண்டும் என்று பாடுபட்டார். நாடாளுமன்றம் மறுத்துவிட்டது. கத்தோலிக்கர்களுக்கும் லிபரல்களுக்கும் ஆயிரம் சண்டை இருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்க அவை தயாராக இல்லை. ஒரே மனிதர், இரண்டு நாடு. ஓரிடத்தில் கேள்வி கேட்கும் அவை இருந்தது, மற்ற இடத்தில் இல்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்துப்போகும்.

கட்டாய வாக்களிப்பு, ஆமாம், இதே திருத்தத்தில் வந்ததுதான். 1894தான் முதல் முறை. வராதவர்களுக்குச் சிறு அபராதம், திரும்பத் திரும்ப வராவிட்டால் வாக்காளர் பட்டியலிலிருந்தே பத்தாண்டு நீக்கம். தொழிலாளர் கட்சி தன் ஆட்களை ஒருவர் விடாமல் கூட்டி வந்துவிடும், நிதானமானவர்கள் வீட்டில் இருந்துவிடுவார்கள் என்ற பயம் பழமைவாதிகளுக்கு இருந்தது. நோக்கம் அதுதான் என்றாலும் விளைவு நல்லது. ஏழையை வேலைக்கு இழுத்து வைத்து ஓட்டுப் போடவிடாமல் செய்வது கடினமானது. இன்றைக்கும் அந்நாட்டு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிப்பது கட்டாயம்.

இன்னொரு பெயரையும் இங்கே சொல்ல வேண்டும்: ஒகுஸ்த் பெர்நார்ட். பத்தாண்டு பிரதமராக இருந்தவர், கத்தோலிக்கக் கட்சிக்காரர். கணக்குப்பிள்ளை சொன்ன அந்த ஓட்டையை அவர் முன்கூட்டியே பார்த்தார். புது வாக்காளர்கள் வரும்போது பழைய பட்டியல் முறை இருந்தால் நாடு இரண்டாகப் பிளக்கும் என்று விகிதாசார முறையை முன்வைத்தார். சொந்தக் கட்சியே கைவிட்டது. 1894 மார்ச்சில் பதவி விலகினார். ஜூல் த பூர்லே பிரதமராகித் தேர்தலை நடத்தினார். பெர்நார்ட் சொன்னபடியே வடக்கு முழுக்க ஒரு நிறம், தெற்கின் தொழில் பகுதிகள் இன்னொரு நிறம் என்று ஆயிற்று. அந்தக் கோடு அதன் பிறகு முழுதாக அழியவே இல்லை.

#12 செம்மண்சாலை

பெர்நார்ட் பற்றி எனக்குத் தெரியாது, நன்றி ஐயா.

தோற்ற இரண்டு லிபரல்களைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. ஒருவர் பிரெர்-ஓர்பான். 1847 முதல் லியேஜின் உறுப்பினர், இரண்டு முறை அரசுத் தலைமை. எல்லோருக்கும் வாக்கு என்பதைக் கடைசிவரை எதிர்த்தவர். அவர் தோற்றது எனக்குப் புரிகிறது. மற்றவர் போல் ஜான்சோன். லிபரல் கட்சிக்குள் இருந்தபடியே பொது வாக்குரிமைக்குத் தொண்டை கிழியப் பேசியவர். 1893 ஏப்ரல் 12 அன்று தோற்கடிக்கப்பட்டதே, அந்தத் திட்டம் அவருடையது. அவர் கேட்ட வாக்காளர்கள் முதன்முறை சாவடிக்கு வந்த தேர்தலில் பிரஸ்ஸல்ஸில் அவரும் தோற்றார். எதிர்த்தவரையும் போராடியவரையும் ஒரே அலை அடித்துக்கொண்டு போனது. அவர் எங்கள் கட்சிக்காரர் இல்லைதான், ஆனாலும் அந்த வரியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம் வடக்கே ஆல்ஸ்ட் நகரம். அடோல்ஃப் டான்ஸ் என்ற பாதிரியார் அங்கே ஆலைத் தொழிலாளர்களுக்காகத் தனிக் கட்சியில் நின்று, ஷார்ல் வூஸ்ட் என்ற கத்தோலிக்கக் கட்சியின் பெரிய தலைவருடைய கோட்டைக்குள்ளேயே ஓர் இடத்தைப் பிடித்தார். திருச்சபை மேலிடம் அவரை ஒதுக்கியது, கடைசியில் அங்கியையே கழற்றச் சொன்னது. வாக்கு பரவியதால் வந்த இன்னொரு மாற்றமும் அங்கேதான் தெரிந்தது. பிரெஞ்சு தெரியாத, டச்சு பேசும் லட்சக்கணக்கானவர்கள் இப்போது வாக்காளர்கள். வேட்பாளர் அவர்கள் மொழியில் பேசியாக வேண்டும். 1898இல் சட்டங்களின் டச்சு வடிவத்துக்கும் பிரெஞ்சு வடிவத்துக்கும் சம மதிப்பு என்று சட்டமே வந்தது. ஒரு வாக்கு ஒரு மொழியைத் தலைநிமிர வைத்ததை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

#13 மல்லிகைமேடு

இழை நன்றாகப் போகிறது. கணக்குப்பிள்ளை ஐயா, அந்தப் பட்டியல் முறை எப்படி ஒழிந்தது? அநியாயத்தால் லாபம் அடைந்தவர்களே அதை எடுத்தார்கள் என்றால் நம்ப முடியவில்லை.

#14 கணக்குப்பிள்ளை

அவர்களேதான் எடுத்தார்கள், தெரு கொதித்த பிறகு. 1898இல் கத்தோலிக்கர்கள் 112 வரை ஏறிவிட்டார்கள், லிபரல்கள் 1894ஐவிடவும் தேய்ந்தார்கள். 1899இல் அரசு ஒரு மசோதா கொண்டுவந்தது: பெரிய தொகுதிகளில் மட்டும் விகிதாசாரம், சின்னத் தொகுதிகளில் பழைய முறை. அதாவது தாங்கள் தோற்கக்கூடிய இடத்தில் பங்கு, ஜெயிக்கும் இடத்தில் மொத்தம். பிரஸ்ஸல்ஸ் வீதிகள் கொந்தளித்தன, அந்த அரசு விழுந்தது. அடுத்து வந்த த ஸ்மெட் த நாயர் அரசு நாடு முழுவதுக்கும் விகிதாசாரத்தை 1899 டிசம்பரில் சட்டமாக்கியது. லிபரல்கள் அழிந்துவிட்டால் எதிரே நிற்பது சோசலிஸ்டுகள் மட்டும்தான், ஒருநாள் காற்று மாறினால் அந்தப் பட்டியல் முறை தங்களையே விழுங்கும் என்ற பயமும் கத்தோலிக்கர்களில் பலருக்கு இருந்தது. இடங்களைப் பங்கிட விக்டர் டி'ஹோண்ட் வகுத்த கணக்கை எடுத்துக்கொண்டார்கள். அவர் கென்ட் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியர். இன்று பல நாடுகளில் அந்தக் கணக்குதான் ஓடுகிறது. 1900 மே மாதத் தேர்தலில் கத்தோலிக்கர்கள் 86க்கு இறங்கினார்கள், லிபரல்கள் முப்பதைத் தாண்டினார்கள்.

நூலகத்திண்ணை, என் வாதத்துக்கு உங்களிடம் பாதி மதிப்பெண் வாங்கினேன். மீதிக்கு ஓர் ஆளைச் சாட்சி சொல்ல அழைக்கிறேன்: எட்வர்ட் ஆன்சீல். கென்ட் நகரத்துக்காரர். அங்கே "முன்னோக்கி" என்ற பெயரில் தொழிலாளர் கூட்டுறவை வளர்த்தவர்; அதன் ரொட்டி அடுமனையில் வந்த வருமானம் கட்சியையும் வேலைநிறுத்தக்காரர் வீடுகளையும் தாங்கியது. அந்த நகரத்தில் அவரைத் தெரியாத தொழிலாளி இல்லை. ஆனால் பட்டியல் முறை இருக்கும்வரை கென்டில் சோசலிஸ்ட் ஜெயிக்க வழியில்லை. அதனால் 1894இல் அவர் நாடாளுமன்றத்துக்குப் போனது லியேஜ் உறுப்பினராக, பிரெஞ்சு பேசும் தெற்கிலிருந்து.

#15 நூலகத்திண்ணை

இதைத் தேடிப் படித்துவிட்டு வந்தேன் ஐயா. 1900இல் விகிதாசாரம் வந்த முதல் தேர்தலில் அவர் கென்ட் உறுப்பினராகத் தேர்வானார். அதே நகரம், அதே ஆலைத் தொழிலாளர்கள், கையில் அதே ஒற்றைச் சீட்டு. மீதி மதிப்பெண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள்.